அப்பா போன் பழகின கதை

கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டே எழுத உக்காந்தேன். இங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முரண்டு பிடிக்குது. போன்ல சொல்லலாம்னா அப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பார், அதான் காகிதம்.

கண் ஆஸ்பத்திரியில எல்லாம் போன்லதான் பதியணும்னு ஆனதுலேர்ந்து நீதான் அங்கிருந்து பதியறே, ஓடிபி அப்பா போனுக்கு வருது. போன தடவை இவர் கண்ணாடியைத் தேடி உனக்கு ஒவ்வொரு நம்பரா வாசிக்கறதுக்குள்ள நேரம் தாண்டி, தேதியே இல்லைன்னு வந்துடுச்சே. நீ பதறினே, இவர் அவசரமில்லம்மான்னு சொல்லிட்டார். அன்னிக்கு சாயங்காலம் டம்ளர்ல ஊத்தறதா நினைச்சு மேசையில தண்ணி ஊத்தினார். அதைத் துடைக்கறப்பவே, இனி தள்ளிப் போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

நம்ம தெருமுனை சலூன்ல லீவு நாள்ல போன் வகுப்பு நடக்குது தெரியுமா. தெருக்காரங்க சேர்ந்து பழைய போனைச் சரிபண்ணி இல்லாதவங்களுக்குக் குடுக்கறாங்க, நெட் சலூன்காரரோடது. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆன அம்மா சொல்லித் தர்றாங்க, ஹலோ அக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நம்ம போனைத் தொடவே மாட்டாங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, அமுக்குங்க, வெடிச்சுடாதுன்னுவாங்க. நான் போய்க் கத்துக்கிட்டேன். ஆனா அப்பா தன் போனை என் கையில குடுத்தாத்தானே, மக பார்த்துப்பா விடுன்னுட்டார். அத்தனை வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், திருப்பறது லேசா.

அதனால நானும் சலூன்காரரும் ஒரு சதி பண்ணினோம். வகுப்பு நாளாப் பார்த்து அப்பாவை முடிவெட்ட வரச் சொல்லி, துணியைப் போர்த்தி, ஒரு பக்கம் வெட்டினதும் டீ குடிச்சுட்டு வரேன்னு அவர் போயிட்டார். வகுப்புக்காரங்க வந்து நாற்காலி எல்லாம் நிறைஞ்சு போச்சு. பாதித் தலையோட தெருவுல இறங்க முடியுமா, அப்பா மாட்டிக்கிட்டார். தேதி பதியுங்க சார், மீதி முடி அப்புறம்னாங்க ஹலோ அக்கா. எல்லாரும் சிரிச்சோம். அவர் மட்டும் சிரிக்கல. கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, இதையும் நானே பண்ணிக்கிட்டா அப்புறம் எம்பொண்ணு எதுக்குக் கூப்பிடுவான்னு கேட்டார். எனக்கு அவர் பக்கம் திரும்பவே முடியல.

பக்கத்து நாற்காலியில பேக்கரிக்காரர். அவர்தான் மெதுவா, எம்பையனும் ஓடிபி நம்பர் கேட்டுக் கேட்டே போனை வச்சுடுவான் சார், நான் கத்துக்கிட்டப்புறம் போன வாரந்தான் பேத்தி தவழறான்னு சொன்னான், இப்பத்தான் அதுக்கு நேரம் கிடைச்சுதாம்னார்.

துணிக்கடியிலேர்ந்து அப்பாவோட போன் வெளிய வந்துச்சு. முதல் ஓடிபி தவறிப் போச்சு. அடுத்ததை அவரே அடிச்சார், தேதி கிடைச்சுது. கதவுக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்த மாதிரி சலூன்காரர் கத்தரியோட ஓடி வந்தார்.

டாக்டர் பார்த்தாச்சு, பயப்படாதே. கண்ணுல அழுத்தம் ஏறியிருக்காம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தா இடது கண்ணு போயிருக்கும்னு இவரைத் திட்டினார். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து, நான்தான் போட்டு விடறேன், அதுக்கும் குழந்தை மாதிரி முகத்தைச் சுளிக்கிறார். இப்போ வகுப்புக்கு எனக்கு முன்னாடியே கிளம்பிடறார், பக்கத்துல இருக்கறவங்களுக்கு லெஃப்ட்ல ஒடி, பிரேக் போடுன்னுதான் பாடம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோட முதுகுவலியைக் காட்டச் சொல்லு. ரெண்டு பேரும் மனசு நிறைஞ்சு, நீண்ட ஆயுசோட இருக்கணும். ஒண்ணு மட்டும் மறக்காதே. இந்த வாரம் அப்பாவுக்குக் கூப்பிடு. எடுத்ததும் என்னம்மா விஷயம்னு கேப்பார். ஒண்ணுமில்லப்பா, சும்மாத்தான்னு சொல்லு.

எப்பவும் உன் நினைப்போட,
அம்மா