மூக்கடைத்த நாளும் முதல் பறப்பும்

அக்கா,

இன்று காலை பழைய பறக்கும் உடையை உதறியபோது, கால் பக்கத்துப் பையிலிருந்து உன் ஓம முடிச்சு விழுந்தது. அரக்கு நிறப் பட்டுத் துண்டில் ஓமத்தை வறுத்துக் கொட்டி நீ இறுக்கிக் கட்டியது. இத்தனை வருஷத்தில் கட்டு நெகிழவில்லை. மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன், வாசனை பாதிதான் வந்தது. ஓமத்தின் மேல் குற்றமில்லை. எனக்கு ஜலதோஷம்.

அதுவும் எந்த நாளில்? எங்கள் ராணுவ ஹெலிகாப்டர் பிரிவான ஸ்குவாட்ரனின் முழுப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்ட மறுநாள். "அங்க எல்லாருக்கும் என் தங்கச்சிதான் தலைவரு" என்று நான் சேர்ந்த வருஷமே நம் தெரு முழுக்கப் பொய் சொல்லி வைத்தாயே, அது நேற்று நிஜமாகிவிட்டது. இனிமேல் உன்னை யாரும் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பொறுப்பேற்றவர்தான் மறுநாள் முதல் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மற்ற எல்லோரும் வெளியே வரிசையாக நின்று பார்ப்பார்கள். இன்று அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பழைய கதையைத் தொடாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் சேர்ந்த புதிதில் உனக்கு எத்தனை கேள்விகள்! பாதி உன்னுடையவை, பாதி தெருப் பெண்கள் உன்னிடம் கேட்டு அனுப்பியவை. மழை பெய்தால் லீவா, ராணுவத் துணியை யார் துவைப்பார்கள், மேலே போன பிறகு ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வாய் என்று ஒன்றையும் விடமாட்டாய். பறக்காத நேரத்தில் என்ன வேலை என்று கேட்டாய். வரைபடம் திருத்துவது, கோப்பு எழுதுவது, புதிதாக வந்தவள் என்பதால் தேநீர் அறைக்குச் சமோசா ஏற்பாடு செய்வது என்றேன். ஹெலிகாப்டர் ஓட்டப் போனவள் சமோசா வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று மூன்று நாள் சிரித்தாய். மாமாவும் தன் தறியை நிறுத்திவிட்டுச் சேர்ந்து சிரித்தார், போனில் எனக்குக் கேட்டது.

அந்தக் கேள்விகளில் ஒன்றுதான் பின்னால் என்னை மாட்டிவிட்டது. உடம்பு சரியில்லை என்றால் இன்றைக்குப் பறக்க மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்டாய். தாராளமாகச் சொல்லலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நடப்பில் ஜலதோஷத்துக்காக யாரும் வாயைத் திறப்பதில்லை. காலையில் டாக்டர் ஒவ்வொருவரையும் கேட்பார், எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்பார்கள், மூக்குக்கு விடும் சொட்டு மருந்து பையில் ஒளிந்திருக்கும். ஆனால் மலை உச்சியிலிருந்து சடாரென்று இறங்கும்போது அடைத்த மூக்கு சும்மா இருக்காது. காதுக்குள் ஆணி அடித்தது போல வலிக்கும், தலை சுற்றும். மலையில் முடியாமல் கிடப்பவர்களைக் கீழே கொண்டுவருவதுதான் எங்கள் வேலை; பின்னால் நோயாளி படுத்திருப்பார்.

அந்தக் காலை உனக்கும் மறந்திருக்காது. எனக்குக் கேப்டன் தேர்வு. அதில் தேறினால்தான் ஹெலிகாப்டரை என் பொறுப்பில் தருவார்கள், இல்லையென்றால் பக்கத்து இருக்கையில் உதவியாளாகவே காலம் தள்ள வேண்டும். தேர்வு அதிகாரி எப்போதோ ஒருமுறை வெளியூரிலிருந்து வருபவர். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் ஒருத்திதான் பாக்கி.

பறக்கும் நாளில் ஐந்தரை மணிக்கு உன்னைக் கூப்பிட்டு, போய்ட்டு வரேன் என்று சொல்வது வழக்கம். நீ அந்நேரத்துக்கே தறியில் உட்கார்ந்திருப்பாய். அன்றும் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன். தறிச் சத்தம் சட்டென்று நின்றது.

"இன்னாடி, மூக்கால பேசிகினு இருக்க?"

லைன் சரியில்லை என்றேன்.

"தறி ஓடுற சத்தத்துலயே ஒரு இழை அறுந்தா எனக்குக் கேக்குது. உன் மூக்கு அடைச்சது கேக்காதா? டாக்டராண்ட நீயே சொல்லிடு. இல்லன்னா அந்த அம்மாவுக்கு நான் போன் பண்ணிடுவேன்."

அந்த அம்மா என்றால் என் மேலதிகாரியின் மனைவி. நீ என் குடியிருப்புக்கு வந்து தங்கிய நாலு நாளில் அவருக்குப் புடவை கட்டும் மடிப்பெல்லாம் சொல்லிக் கொடுத்து நம்பரும் வாங்கி வைத்திருந்தாய். எனக்கு ரத்தம் கொதித்தது. என் வேலையில் தலையிடாதே, உனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அக்கா, அந்த வார்த்தைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

டாக்டரிடம் நன்றாக இருக்கிறேன் என்றே சொன்னேன். ஹெலிகாப்டரில் ஏறித் தலைக்கவசம் மாட்டினேன். பக்கத்தில் தேர்வு அதிகாரி. இன்ஜினைக் கிளப்பும் முன் சரிபார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது நம் குரல் தலைக்கவசத்தின் ஒலிபெருக்கி வழியாக நம் காதுக்கே திரும்பி வரும். தினமும் கேட்கும் குரல்தான், நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்று கேட்டேன். எவளோ ஒருத்தி மூக்கால் படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரியில் எனக்கே சகிக்கவில்லை.

நிறுத்தினேன். கவசத்தைக் கழற்றினேன். எனக்கு ஜலதோஷம், டாக்டரிடம் மறைத்துவிட்டேன், இன்றைக்குப் பறக்கும் நிலையில் இல்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இறங்குங்கள்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

செய்த தப்பைச் செய்தவரே காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும் என்பது எங்கள் இன்னொரு வழக்கம். அடுத்த நாள் எழுந்து சொன்னேன். காதெல்லாம் சுட்டது. சொல்லி முடித்து உட்கார்ந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். எனக்கும் மூன்று நாளாக இருக்கிறது என்றார். அடுத்து இன்னொருவர். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானே சொல்வதற்கு முன்பே நீ அந்த அம்மாவிடம் போட்டுக் கொடுத்திருப்பாய் என்று நினைத்து, முட்டாள்தனமாக, இரண்டு வாரம் உன்னிடம் பேசவில்லை. நீ ஒரு கடிதமும் வைக்காமல் இந்த ஓம முடிச்சை மட்டும் பார்சலில் அனுப்பினாய். அதைப் பார்த்ததும் உருகிப்போய்க் கூப்பிட்டேன். அந்த அம்மாவுக்குப் போன் செய்தாயா என்று கேட்டேன்.

"தேடினேன், நம்பரு ஆப்புடல. ஆப்புட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

அதுதான் நீ. வேறு யாராவது என்றால், உன் மேல் நம்பிக்கை இருந்தது அது இது என்று அளந்திருப்பார்கள்.

அடுத்த முறை அதே அதிகாரி வந்தார். மூக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். மேலே போய் இறங்கி வந்ததும் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டார். செய்தி கேட்டு நீ தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தாய். வந்தவாசி பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனாயாம், மாமா சொன்னார். போன ஐப்பசியில் நீ எங்களை விட்டுப் போனபோது, அந்த பஸ்ஸில் உன்னைப் பார்த்த ஒரு அம்மா துக்கத்துக்கு வந்திருந்தார். "ஹெலிகாப்டரு பொண்ணு நீதானாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது அழுதேன்.

இப்போது இன்றைய கதைக்கு வா. காலைக் கூட்டத்தில் எல்லோரும் என் முதல் உரைக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு ஜலதோஷம், முதல் பறப்பு எனக்கில்லை, என் அடுத்த நிலை அதிகாரி எடுத்துப் போவார் என்றேன். வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டேன். முதலில் கை தூக்கியது அந்த அடுத்த நிலை அதிகாரியேதான். அவருக்கு அடுத்தவர் தயங்கித் தயங்கித் தானும் தூக்கினார். எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் வரிசையில் நாலாவது ஆள்தான் முதல் ஹெலிகாப்டரைக் கிளப்பினார். நாங்கள் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே நின்று கைதட்டினோம். அக்கா, என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பறப்பையும் விட்டுக்கொடுத்ததில்லை. நீ பார்த்திருந்தால் நம் தெரு தாங்கியிருக்காது.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நீ போன பிறகும், பறக்கும் நாளில் ஐந்தரை மணிக்கு, அறையில் தனியாக நின்று சத்தமாகச் சொல்கிறேன்: "அக்கா, போய்ட்டு வரேன்." சொல்லிவிட்டு, நீ கேட்பது போல என் குரலை நானே கேட்கிறேன். இன்று காலை அது மூக்கால் வந்தது. உனக்குத் தெரிந்த அதே வேகத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது.

நாலு நாளில் சரியாகிவிடும். அன்றைக்கு முதல் பறப்பு என்னுடையது. ஐந்தரைக்குச் சொல்கிறேன்.

உன் பாப்பா