ஐந்நூறு மீற்றருக்கு இப்பால்

என் இஞ்சாருங்கோவுக்கு,

இப்படித் தொடங்கியதைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். கல்யாணமான புதிதில் நான் உங்களை "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவதைத் தொலைபேசியில் கேட்ட உங்கள் கப்பல் கூட்டாளி, கேரளத்துக்காரர், அதுதான் உங்கள் வீட்டுப் பெயர் என்று நம்பிவிட்டார். அந்தப் பயணம் முழுக்க நீங்கள் "மிஸ்டர் இஞ்சாருங்கோ". யாழ்ப்பாணத்துப் பெண் புருஷனைப் பேர் சொல்லாமல் கூப்பிடும் சொல் அது என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? நீங்களும் திருத்தவில்லை. "நல்லாத்தானே இருக்கு, விடுங்க" என்றீர்கள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹந்தானைப் பக்கம் ஒரே பனிமூட்டம், துணி காய்வதில்லை. உங்கள் தம்பி தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிட்டார், இனி மழைக்குப் பாத்திரம் வைக்கத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார். கயலுக்குக் கலகெதரப் பாடசாலையில் நியமனம் கிடைத்து, அங்கேயே ஓர் அறை எடுத்திருக்கிறாள். நம் மகள் டீச்சர்! கண்டி வீட்டில் இப்போது நான் மட்டும். பக்கத்து வீட்டுப் பூனை நீங்கள் உட்காரும் கதிரையைப் பிடித்துக்கொண்டது. நான் துரத்தவில்லை. யாராவது இருக்கட்டும்.

சொல்ல வந்தது வேறு. என் கைக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்திருக்கிறது. என்ன வேலை தெரியுமா? உங்கள் வேலைதான். கடலுக்குள் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளைச் சுற்றிச் சட்டம் போடும் அந்த ஐந்நூறு மீற்றர். மன்னார்க் கடலில் எரிவாயு எடுக்கும் பேச்சு மறுபடி அடிபடுகிறது. எடுப்பார்களோ விடுவார்களோ, எடுத்தால் சட்டம் என்ன சொல்லும் என்று மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் பொறுப்பு. முதல் பக்கத்தில் அந்த எண்ணைக் கண்டதும் அது உங்கள் குரலில்தான் காதில் விழுந்தது. எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மீசை முளைக்கும் வரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பிழைப்பு வளைகுடாவில், எண்ணெய் மேடை ஒன்றைச் சுற்றிச் சுற்றி வரும் காவல் படகில் அமைந்தது. மேடையின் வெளி விளிம்பிலிருந்து ஐந்நூறு மீற்றருக்குள் எந்தப் படகும் அனுமதி இல்லாமல் வரக்கூடாது. வந்தால் ரேடியோவில் கூப்பிட்டுத் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும். வலை கடலடியில் ஓடும் குழாயில் மாட்டினால் படகையே இழுத்துக் கவிழ்த்துவிடும். மேடையில் வாயு கசிந்திருக்கும் நேரம் என்றால் படகின் அடுப்பிலிருந்து ஒரு பொறி போதும், இரண்டு பக்கத்து ஆட்களும் மிஞ்ச மாட்டார்கள்.

ஆனால் மீனுக்குச் சட்டம் தெரியாதே. மேடையின் இரும்புக் கால்களில் பாசி பிடித்து, வெளிச்சமும் சேர, மீன்கள் அங்கேதான் வந்து மொய்க்குமாம். அந்தக் கடலில் தமிழ்நாட்டு மீனவர்களும் கூலிக்கு வந்து தொழில் செய்வார்கள். நீங்கள் தமிழிலேயே கூப்பிடுவீர்கள்.

"அண்ணே, ஐந்நூறுக்குள்ள வந்துட்டீங்க. கொஞ்சம் தள்ளிப் போங்க."

"மீனெல்லாம் உங்க காலடியிலதான கெடக்கு தம்பி. நாங்க எங்க போக?"

"எனக்கும் தெரியும்ணே. இருந்தாலும் தள்ளிப் போங்க."

இதை நீங்கள் நடித்துக் காட்டும்போது நானும் கயலும் சிரிப்போம். நீங்கள் மட்டும் முழுதாகச் சிரித்ததில்லை. "பாவம், அவங்களும் வயித்துப் பொழப்புக்குத்தான் வாராங்க, நானும் வயித்துப் பொழப்புக்குத்தான் வெரட்டுறேன்" என்பீர்கள்.

விடுமுறையில் வந்தாலும் அந்த வேலை உங்களை விட்டதா? எனக்குக் கோபம் வந்தால் நான் சமைக்கும் குசினிக்குள் யாரும் காலடி வைக்க முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. நீங்கள் கதவு நிலையில் சாய்ந்து, கையை ரேடியோ மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பீர்கள்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல். படகு ஒண்ணு ஐந்நூறு மீட்டர்ல நிக்குது. உள்ள வரலாங்களா?"

கோபம் தணிந்திருந்தால் நான் "ஓம், வாங்கோ" என்பேன். தணியாவிட்டால் "இஞ்ச காத்து கூட. பிறகு பாப்பம்." நீங்கள் அந்த "ஓம்" கேட்கவே கோபமூட்டியதாகப் பிறகு கயலிடம் சொன்னீர்களாம். கோபமில்லாத நாட்களிலும் கேட்டீர்கள். தேநீர் வேண்டும் என்றாலும் கேட்டீர்கள். வீட்டில் இருந்த காலமெல்லாம் அந்த வாசலில் நின்று கேட்காமல் நீங்கள் உள்ளே வந்ததே இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அந்த ஐந்நூறு மீற்றருக்கு அகராதியில் உள்ள தமிழ் என்ன தெரியுமா? பாதுகாப்பு வலயம். தட்டச்சு செய்துவிட்டேன். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரை இராணுவம் உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நாளில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, கடைசியில் கண்டிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். மழை பெய்தால் என் அப்பா இந்த வீட்டு ஜன்னலருகே நின்று "இப்ப எங்கட கிணறு நிரம்பியிருக்கும்" என்பாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கிணற்றை மறுபடி பார்க்காமலே அவர் போனார். அவர் பாடைக்குத் தோள் கொடுத்தது நீங்கள்.

வேலையைத் தந்த ரிஸ்வானைத் தொலைபேசியில் பிடித்தேன். கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, இப்போது கொழும்பில் பதிப்பு வேலை பார்க்கிறார். நல்ல மனிதர்.

"அக்கா, அதுதான் சட்டத்துல உள்ள சொல்லு. அத நாம மாத்த ஏலாது."

"சட்டத்தை நான் மாத்தேல்லை தம்பி. இது சனத்துக்கு விளங்கப்படுத்துற புத்தகம். வாசிக்கிற சனத்தில ஒராளிட்டயாவது கேட்டுப் பாப்பமே."

ரிஸ்வான் மன்னாரில் ஒரு மீனவப் பெண்கள் சங்கத்துக்கு வரைவை அனுப்பினார். அங்கிருந்து மேரியக்கா என்னை அழைத்தார். அவருடைய கணவரும் இரண்டு மகன்களும் தொழிலுக்குப் போகிறவர்கள்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. வலயம் எண்டு அட்டையில கண்டா ஒருத்தரும் பிரிச்சுப் பாக்க மாட்டினம். வலயம் எண்டா எங்கட இடம் போட்டுது எண்டுதான் அர்த்தம்."

"இது இடத்தை எடுக்கிறது இல்லை அக்கா. கிட்டப் போகாமல் நிக்கிறது மட்டும்தான்."

"அப்ப அதைச் சொல்லுங்கோவன்."

எதைச் சொல்வது? பயமுறுத்தும் சொல்லைப் போட்டால் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். தொடாவிட்டால் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஒருநாள் வலை வீசுவார்கள். சரி, இனிப்பாகச் சொல்லலாம் என்றால், ஏதோ புத்திமதி என்று நினைத்து மேடைக்கு அடியிலேயே போய் நிற்பார்கள். மீன் அங்கேதானே இருக்கும். நான் போடும் சொல்லைப் பார்த்துத்தான் மேரியக்காவின் மகன் படகைத் திருப்புவான், இல்லாவிட்டால் திருப்பாமல் போவான்.

உங்களிடம் கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பீர்கள் என்று இல்லை. உங்களுக்கு எழுத்துத் தமிழ் பிடிக்காது, "அதுல உப்பு இல்லீங்க" என்பீர்கள். ஆனாலும் நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல நீங்கள் மூக்கைச் சுளிப்பீர்கள், அது எனக்குப் போதுமாயிருந்திருக்கும். தடை எல்லை. விலகு வட்டம். காவல் பரப்பு. கதிரையில் பூனையிடம் சொல்லிப் பார்த்தேன். அது தூங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கயலைப் பார்த்துவிட்டுக் கலகெதரவிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். அந்த ஏற்ற வளைவுகளில் எங்களுக்கு முன்னால் சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றிய லொறி ஒன்று முக்கி முனகிக்கொண்டு போனது. நம் பஸ் சாரதிமார் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும், முன்னால் போவது யமன் என்றாலும் ஹோர்ன் அடிப்பார்கள். அன்று அந்த மனிதர் அடிக்கவில்லை. நன்றாகப் பின்தங்கியே வந்தார். எனக்குப் பின்னாலிருந்த பெண் தன் புருஷனிடம் சொன்னாள்:

"பாருங்க, எவ்வளவு எடைவெளி விட்டு வாராரு."

"கேஸ் லொறி இல்லையா? விடத்தான் வேணும். ரோட்டு அவன்டதும் இல்ல, நம்மளதும் இல்ல."

நான் பைக்குள் பேனாவைத் தேடினேன். உங்கள் தமிழ் பேசும் யாரோ இரண்டு பேர், எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கட்டுகஸ்தோட்டையில் இறங்கிப் போனார்கள். அந்தப் பெண்ணின் குரல் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு பழகின தொனி. உங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது.

பாதுகாப்பு இடைவெளி. அதுதான் போட்டேன். அதற்குக் கீழே, சட்டத்தில் இதற்குள்ள பெயர் பாதுகாப்பு வலயம் என்றும், இதனால் கடல் யாருக்கும் சொந்தமாகிவிடாது என்றும், ஆனால் அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம் என்றும் பச்சையாக எழுதினேன். ரிஸ்வான் கொஞ்சம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். மேரியக்கா தொலைபேசியில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"இடைவெளி எண்டா சரி. அது விடுறதுதானே, குடுக்கிறதில்லையே. என்ர மூத்தவனிட்ட இப்பவே வாசிச்சுக் காட்டுறன்."

நான் அழுதுவிட்டேன். அவருக்குக் கேட்டிருக்காது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. விதிவிலக்குகள். ஆபத்தில் சிக்கிய படகும், உயிரைக் காப்பாற்ற வரும் படகும் அனுமதி கேட்காமலே உள்ளே வரலாம். அவ்வளவுதான் வாக்கியம். பள்ளிப் பிள்ளையும் மொழிபெயர்க்கும். நான் "கேட்காமலே" என்ற சொல் வரை வந்து, அதற்கு மேல் போக முடியாமல் நின்றேன்.

அன்று காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்னால் உங்கள் காலடிச் சத்தம். கன்ட்ரோலும் இல்லை, படகும் இல்லை. நேரே உள்ளே வந்தீர்கள்.

"என்ன, இண்டைக்குக் கேக்காமல் வாறியள்?" என்றேன், திரும்பாமலே.

உங்கள் கை என் தோளில் விழுந்தது. அந்தக் கையின் பாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீங்கள் என் கையை விடவில்லை. அங்கே அவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள். பின்னேரம் என்னை உள்ளே கூப்பிட்டபோது நீங்கள் இல்லை.

இத்தனை காலமும் அந்தக் காலையை நான் வேறு மாதிரித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்முடைய விளையாட்டு அன்றைக்கு உடைந்துபோனது என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் நீங்கள் கடைசிப் பக்கத்தில் உள்ள விதிப்படிதான் வந்திருக்கிறீர்கள். ஆபத்தில் இருந்த படகு கேட்காமல் உள்ளே வந்தது. என்னிடம்தான் வந்தது. இதைக் கண்டுபிடித்ததும் மனம் உங்களை எப்படித் தேடியது தெரியுமா? சொல்லி முடியாது. சட்டப் புத்தகத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஒரு நாளும் சொல்லாத உங்கள் பேரை.

கயல் என்னைத் தனியாக விடப் பயப்படுகிறாள். "அப்பாட்ட போறது போறது எண்டு பேசாதீங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள். அவளுடைய தமிழைப் பார்த்தீர்களா, பாதி உங்களுடையது, பாதி என்னுடையது.

ஆகவே உங்களுக்கும் அவளுக்குமாக ஒரு வாக்குத் தருகிறேன். குசினிக் கதவை நான் சாத்துவதில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இனிக் கேட்கத் தேவையில்லை. நான் மட்டும் அவசரப்பட மாட்டேன். உங்களைச் சுற்றியுள்ள அந்த ஐந்நூறு மீற்றருக்கு இப்பால், இந்தக் கண்டியில், மகள் வரும் நாட்களில் அவளுக்குச் சமைத்துக்கொண்டு, சொல் தேடிக்கொண்டு, பூனைக்குப் பால் வைத்துக்கொண்டு நிற்பேன். என் நேரம் வரும்போது கையை வாயருகே பிடித்து, உங்கள் தமிழில், "உள்ள வரலாங்களா?" என்று கேட்பேன்.

அப்போது நீங்கள் என் தமிழில் பதில் சொல்ல வேண்டும். "ஓம், வாங்கோ." பழகி வையுங்கள்.

இடைவெளி விட்டு நிற்கும்,
கயலின் அம்மா,
உங்கள் மனைவி.