உறையவைத்த இரண்டு கருக்கள்

2024 மே 6, திங்கள்
தண்ணீர் மோட்டர் மறுபடியும் பழுது. கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள், இந்த மாதம் கருவை வைக்கலாமாம். போன வருடம் முட்டை எடுத்தபோது எனக்கு வயிறு ஊதி மூச்சுத் திணறியதால், உருவான இரண்டு கருவையும் உறையவைத்திருந்தார்கள். இன்னொரு முறை எடுக்க என் உடம்பு தாங்காது. இந்த இரண்டுதான்.

எமில்ராஜின் அம்மா, மக்டலீன் மாமியிடம் சொன்னேன். "உறைஞ்சது உயிரோடை எழும்புமே, பிள்ளை?" என்றார். கோபம் வந்தது. என் கேள்வியும் அதுதானே.

மே 14
முதலாவது எழும்பவில்லை.

டொக்டர் சொன்னார்: "உறையேக்கை கருவின்ரை உயிர்க்கலத்துக்குள்ளை இருக்கிற தண்ணி ஊசிமாதிரிப் பளிங்காகிக் குத்திப்போடும். அதாலை முதலே தண்ணியை எடுத்துப்போட்டுத்தான் உறையவைக்கிறம். எண்டாலும் சிலது தப்பாது."

வரும் வழியில் எமில்ராஜ்மேல் கத்தினேன். அந்த மனிசன் என்ன செய்யும்? ஐயோ, என்ரை பிள்ளை — பிள்ளை எண்டு சொல்லலாமோ?

செபமாலை முடிவில் மாமி மெதுவாக ஒன்று சேர்த்தார்: "பேர் வைக்காத அந்தப் பிள்ளைக்காகவும்." அப்போதுதான் அழுதேன்.

மே 15
இரண்டாவதையும் உருக்கினார்கள். எட்டுக் கலங்களில் மூன்று செத்துவிட்டன. "நாளைக்குள்ளை ஒண்டாவது பிரிஞ்சால் வைப்பம்" என்றார் டொக்டர்.

எமில்ராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கை கால் ஏதும் குறையாப் பிறக்குமோ?"

"இல்லை. எந்தக் கலம் கை, எந்தக் கலம் கால் எண்டு இன்னும் முடிவாகேல்லை. மிச்சக் கலங்கள் வளர்ந்தால் முழுசாத்தான் வளரும்."

வளர்ந்தால்.

மே 16
ஐந்து ஆறாகிவிட்டது. வைத்துவிட்டார்கள்.

மே 21
ஒன்றும் தெரியவில்லை. இடுப்பு நோகிறதா, நோகிறதென்று நினைக்கிறேனா? எமில்ராஜ் தொழிலுக்குப் போகவில்லை. கிழிந்த வலையைப் பொத்த வேண்டுமாம். வாசலில் இருந்து கிழியாத வலையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

மே 25
இரத்தம். கொஞ்சம்தான், எண்டாலும் இரத்தம். முடிஞ்சுது. அவருக்கு எப்பிடிச் சொல்லுவன்? அந்த ஆறு கலத்தையும் நான்தான் கொன்றுபோட்டனோ? குனிஞ்சு வாளி தூக்கினனே...

யூன் 19
மாமி இன்று மீன் பொரிக்கவில்லை. பிள்ளைத்தாச்சிக்கு மணம் ஒத்துவராதாம். பக்கத்து வீட்டுக்கும் போய், பொரிப்பதென்றால் யன்னலைச் சாத்திவிட்டுப் பொரிக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.