நாற்பது டிகிரி அறையில் வெங்காய வடகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அப்பா கேட்டுவிடுவார், அதனால் எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் இல்லாத ஊர்களுக்கும் அனுப்புவதற்காக நாங்கள் செய்யும் தடுப்பூசி சூட்டில் கெடுகிறதா என்று பார்க்க, இங்கே எங்கள் ஆய்வகத்தில் நாற்பது டிகிரியில் ஓர் அறை இருக்கிறது. வெளியே வெயில் தலைகாட்டி ஒரு மாதம் ஆகிறது. அதனால் வெங்காய வடகத்தை அந்த அறையில் காய வைத்தேன். வாடையை மோந்த பேராசிரியர், மருந்துதான் கெட்டுப்போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னேன். மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை; வடகம் குப்பைக்குப் போனது. கதவில் என் பெயர் போட்டே எச்சரிக்கை ஒட்டிவிட்டார்.

அரைக் கிலோ வடகம் அனுப்பு. அப்பாவிடம் காரணம் சொல்லாதே.

அந்த அறைக்குத் தினமும் ஒரு தடவை போனால் போதும். நான் மூன்று தடவை போகிறேன். கதவைத் திறந்தால் நம்ம எடமலைப்பட்டி புதூர் மே மாதம்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

ஜாஸ்லின்