வராந்தாவில் ஏழு கட்டில்

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உருண்டை எழுதுகிறேன். உறையின் மேலுள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் ஆறு ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுக்கப் போனவள், போகிற இடமெல்லாம் கார் அனுப்புகிறார்களாம், உனக்கென்ன குறை என்று எழுதத்தான் கை போகிறது. பார்த்தாயா, முதல் பத்தியிலேயே ஆரம்பித்துவிட்டேன். போன வாரம் நீ போன் செய்தபோதே எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டதும் சளி என்று சொல்லிவிட்டேன். உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பொய்தான் வருகிறது. அதனால்தான் காகிதம்.

வீட்டில் எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி. நர்ஸைக் கட்டிக்கொண்டவர், டாக்டரிடம் மட்டும் வரமாட்டாராம். சின்னவள், சித்தி எப்போது வருவாள் என்று நச்சரிக்கிறாள். பெரியவளானதும் உன்னைப் போல ஆக வேண்டுமாம். பெற்றவள் நான் ஒருத்தி குத்துக்கல்லாக எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி ஆஸ்பத்திரிச் சேதி. நீ பார்த்த கீழ் வார்டில் கம்ப்யூட்டர் வேலை எல்லோருக்கும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. ஏன் ஆகாது? அங்கே இரண்டு வாரம் அவர்களோடு உட்கார்ந்து, எது முதலில் வர வேண்டும், எது பிறகு என்று அவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தாய். மருந்து கொடுக்கிற அறைக்காரருக்கும் வாயெல்லாம் பல். டாக்டர்களின் கிறுக்கலை இனி எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாமே. மேலே என் வார்டில்தான் ஐந்து மாதமாகியும் மதில் மேல் பூனை. நீ அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய், இங்கே வேறு ஆட்கள் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுபோய் டாக்டர் அறையில் வைத்தார்கள். நோயாளியிடமிருந்து நாற்பது எட்டு நடக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம், ஒரு கண் திரையிலும் ஒரு கண் டிபன் பாக்ஸிலும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், அதையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். முதலில் நோட்டில் எழுதி, பிறகு அதையே பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு வேலைக்கு இரண்டு வேலை. சின்ன டாக்டர்கள்கூடத் திரையைப் பார்க்காமல், நோட்டு எங்கே சிஸ்டர் என்றுதான் கேட்பார்கள்.

அவர்கள் நோட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்தது. அது என் கையெழுத்து. நாம் ஒன்றாக நர்சிங் படிக்கும்போது உன் ரெக்கார்டு நோட்டையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது? நீ எழுதினால் கோழி கிளறினதுபோல் இருக்கும். இங்கே யார் பார்வையிட வந்தாலும் பெரிய டாக்டர் என் ரிஜிஸ்டரைத்தான் எடுத்துக் காட்டுவார். முத்து முத்தாக இருக்கிறது பாருங்கள் என்பார். அதே மனிதர் கூட்டம் போட்டு, இனிமேல் கையெழுத்துக்கே வேலையில்லை என்று சொல்லி, உன்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளே பற்றி எரிந்தது.

அடுத்த வாரம் நீ படிவத்தோடு என் வார்டுக்கு வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? கட்டில் எத்தனை என்று கேட்டாய். முப்பத்திரண்டு என்றேன். சுவரில் இருக்கிற பலகையும் அதைத்தான் சொல்கிறது. நீ இங்கிருந்து ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போயிருந்தபோது பக்கத்துக் கட்டடத்தைப் பழுது பார்க்க மூடிவிட்டார்கள். அதிலிருந்து என் வார்டின் பின்வராந்தாவில் எப்போதும் ஏழு கட்டில் உண்டு. அது உனக்குத் தெரியாது. வராந்தாக் கதவு அன்றைக்குச் சாத்தியிருந்தது. வெயில் அடிக்கிறது என்றேன். வெயிலே இல்லை. நீ வருகிறாய் என்று தெரிந்துதான் சாத்தினேன்.

ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டாய். "ஏன்டி, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே முப்பத்திரண்டு என்று எழுதினாய்.

அதன் பலன் இதுதான். முப்பத்து மூன்றாவது ஆளைச் சேர்க்கப் போனால், காலிக் கட்டில் இல்லை என்று கம்ப்யூட்டர் அடம்பிடிக்கும். வார்டுக்குப் பொறுப்பு நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ சரிசெய்து கொடுத்திருப்பாய். சொல்லவில்லை. வராந்தா ஆளின் விவரத்தை உள்ளே இருக்கிற ஒருவரின் பக்கத்திலேயே சேர்த்து ஏற்றச் சொன்னேன். பதினாலாம் கட்டில் கணக்கில் இரண்டு பேர் என்றால், உள்பதினாலு, வெளிப்பதினாலு என்று எங்களுக்குள் கணக்கு. வார்டில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். திரையை மட்டும் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? உன் கம்ப்யூட்டர் தடுக்கி விழட்டும் என்று காத்திருந்தேன். மனிதர் விழுவார் என்று நினைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உள்பதினாலில் ஒரு தையற்காரர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆக வேண்டியவர். வெளிப்பதினாலில் ஒரு காவலாளி, சர்க்கரை ஏறி வந்தவர். காவலாளியின் ரத்தச் சோதனை முடிவு தையற்காரரின் பக்கத்தில் ஏறிவிட்டது. புதிதாக வந்த டாக்டர் திரையைப் பார்த்துப் பதினாலுக்கு இன்சுலின் என்று எழுதிவிட்டார். காலை ஏழு மணி, ஒரு சிஸ்டர் வரவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு போனது நான்தான். கணக்கு வைத்த எனக்கே அந்த நேரத்தில் கணக்கு மறந்துபோனது. ஆபரேஷனுக்காக அந்த மனிதர் முந்தைய நாளிலிருந்து பட்டினி. அதில் அந்த ஊசியும் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஊசியை உற்றுப் பார்த்தார். "சிஸ்டர், இது சக்கரைக்குப் போடறதுதானே? எங்கண்ணனுக்குப் போடுவாங்க. எனக்குத்தான் சக்கரையே இல்லியே" என்றார்.

ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தான் குடிக்கக் கூடாத தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவர்தான் என்னிடம் நீட்டினார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையா சிஸ்டர் என்று கேட்டார்.

கம்ப்யூட்டர்தான் குழப்பிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். கமிட்டி கூடப்போவதாகவும், உன் முறை ஆபத்தானது என்று ஆறு ஆஸ்பத்திரிக்கும் எழுதி, உன்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடப் போவதாகவும் பேச்சு வந்தது. அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். ஒரு அரை நிமிஷம், பாயசம் குடித்ததுபோல. அதற்குப் பிறகு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது.

இவரிடம் சொன்னேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "அவ ஒசந்தா நீ குறைஞ்சா போயிடுவ? சரி, அதை விடு. அந்த ஆளு செத்திருந்தா?" என்றார். எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவர் அப்படி எழுந்து போனால் அதுதான் பெரிய திட்டு.

முந்தாநாள் நான்கு பக்கம் எழுதிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். ஏழு கட்டில், சாத்திய கதவு, உள்பதினாலு, வெளிப்பதினாலு, ஒன்றும் விடவில்லை. இரண்டு முறை படித்தார். "எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்றார். அது பாராட்டில்லை. விசாரணை முடிகிறவரை வார்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிடச் சொல்லிவிட்டார். உன்மேல் தப்பில்லை என்று கமிட்டிக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார். இந்நேரம் உன்னைக் கூப்பிட்டும் சொல்லியிருப்பார். ஆனாலும் என் கையாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அந்தக் காரை நினைத்தால் இன்னும் எரிகிறது. சின்னவள் உன் பேரைச் சொன்னால் இன்னும் சுருக்கென்கிறது. இது எனக்குத் தீராத வியாதிபோல. மருந்து கண்டுபிடித்தால் சொல், முதல் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன்.

என் வார்டுக்கும் நீயே வந்து செய்து கொடு. பெட்டியை நோயாளிகள் பக்கத்தில் வை. சிஸ்டர்களைக் கேள், ஆயாம்மாவையும் கேள். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தையற்காரர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார், கவலைப்படாதே.

நீ நன்றாக இரு, இன்னும் உயரமாகப் போ. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் மனசாரத்தான் எழுதுகிறேன். வராந்தாக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் பொறுப்பை ஒப்படைக்கும்போது அங்கே ஒன்பது கட்டில் இருந்தது. நான் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளாதே. ஒரு தடவை வாடி, வந்து நீயே எண்ணு.

உன்
உருண்டை