ஐந்து கோடுகள்

12 ஆகஸ்ட் 2061, 07:10
வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பனியாற்றை வரைபடமாக்க வந்த நான், வேலைக்குச் சேரும்வரை ஐஸ் பார்த்தது கோவில்பட்டி கரும்புச்சாறு வண்டியில்தான். நேர்காணலில், பனி எனக்குப் பழக்கம் என்றேன். நம்பிவிட்டார்கள்.

நிலையம்: சறுக்குக்கட்டைகள் மேல் ஒரு தகரக் குடில். பனி பின்வாங்கப் பின்வாங்க, இதுவும் தானே ஊர்ந்து அதன் பின்னால் போகும். ஆள்: செண்பகராமன், ஐம்பத்தொன்று. பணி: நாற்பது ஆண்டுப் பின்வாங்கலை ஒரே தாளில் காட்டுவது. பத்தாண்டுக்கு ஒரு கோடு. ஐந்தாவது, இந்த ஆண்டுக்கானது, என் பொறுப்பு.

19 ஆகஸ்ட், 16:40
ஐந்தாவது கோடு முடிந்தது. அடிவார அலுவலகத்திலிருந்து ரேடியோவில் மேலதிகாரி ஹெப்சிபா, நாகர்கோவில்காரி:

"அண்ணாச்சி, இம்புட்டு எதுக்கு? ஏரி, பாதை, பேரு எல்லாத்தையும் தூக்குங்க. கோடு மட்டும் போதும். ஓரத்துல என்ன புள்ளி, ஈ எச்சம் மாதிரி?"

"அது நாந்தாம்மா. குடில்."

"அழிச்சிருங்க."

அழித்தேன். நான் இல்லாத படம் எனக்கே அழகாகத்தான் இருந்தது.

26 ஆகஸ்ட், 11:05
படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. கோடுகளின் சீரான இடைவெளிதான் அழகாம். கோப்பு சிறியது என்று மீட்பு ட்ரோன்களிலும் அதையே ஏற்றிவிட்டார்கள். ஹெப்சிபா தந்த வம்பு: ஓர் அதிகாரி அதைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டினாராம். அவர் மனைவி ஈ.சி.ஜி. என்று நினைத்து அழுதாராம்.

3 செப்டம்பர், 06:20
எழுந்தபோது வாசலில் ஏரி. மூன்று பக்கம் நீர், பின்னால் பனிச்சுவர். இடங்காட்டி நனைந்து செத்துவிட்டது.

"அண்ணாச்சி, எங்க இருக்கிய? மேப்புல ஒண்ணுமில்லையே."

"பனி ஓரத்துலதாம்மா. அஞ்சாவது கோட்டுக்கு இருநூறடி கீழ."

"ட்ரோன் கெளம்பிருச்சு. டீ போட்டுக் குடிங்க."

09:50
ட்ரோன் பள்ளத்தாக்கில் வெகுதூரம் கீழே வட்டமிடுகிறது. சட்டையைக் கழற்றி ஆட்டினேன். அதற்குச் சட்டை தெரியாது, கோடுதான் தெரியும்.

"சொன்ன எடத்துல வெறும் பாறைதான் இருக்கு. அந்தக் கோடு நீங்க நேர்ல போயி அளந்ததுதானே?"

"அளந்ததுதாம்மா."

இந்த வயதில், மேலதிகாரியிடம், வேறென்ன சொல்வது.

11:15
தொடை வரை தண்ணீர். மேசைமேல் ஏறிவிட்டேன். ரேடியோவும் போயிற்று. இப்போது வாய்க்கு உண்மை வருகிறது, கேட்க ஆளில்லை. ட்ரோன் திரும்பிப் போகிறது.

11:40
இதைக் கண்டெடுப்பவருக்கு. முதல் நான்கு கோடுகளை நம்பலாம், அவை பழைய அளவீடுகள். ஐந்தாவதை, அதே இடைவெளி விட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்தே வரைந்தேன். பனி அதைத் தாண்டி எவ்வளவோ மேலே போய்விட்டது. குடிலும் கூடவே வந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

அன்று வெளியே கடுங்குளிர், அதனால்தான் போகவில்லை என்று எழுத நினைத்தேன். வானிலைக் குறிப்பைப் புரட்டினேன், என் கையெழுத்துதான்.

19 ஆகஸ்ட்: பதினெட்டு டிகிரி. நல்ல வெயில்.