இலவம்பஞ்சு மெத்தையும் இரண்டு கார்ட்டனும்

ஜூன் 4, 2025

விசா வந்துவிட்டது. ஜூலை பன்னிரண்டு டிக்கெட். மெல்போர்னில் என் பெண் ப்ரியாவுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் பிரசவத் தேதி சொல்லியிருக்கிறார்கள்.

நான் மட்டும்தான் போகிறேன். முட்டி வலியோடு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். உண்மையில் மெல்போர்ன் குளிருக்குப் பயம். “குவைத்துல பன்னண்டு வருஷம் இருந்தாச்சு, இனிமே எனக்கு எதுக்கு ஃபாரின்?” என்கிறார். அந்தப் பன்னிரண்டு வருடமும் லீவில் வரும்போதெல்லாம் வெளிநாட்டு சிகரெட் கார்ட்டன் கார்ட்டனாகக் கொண்டுவந்து அஸ்தினாபுரத்தில் பாதிப் பேருக்கு விநியோகம் செய்தவர். இப்போது சர்க்கரை, முட்டி, சீரியல்.

மிளகாய் காயப்போட்டேன். மாடியில் ஒரே காக்காய்.

ஜூன் 9

மாப்பிள்ளை ஃபோன் செய்தார். ப்ரியா ஆபீஸ் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.

“அத்தை, ஒரு ஹெல்ப். ப்ரியாவுக்குத் தெரிய வேணாம்.”

வேலை போய்விட்டதா, டாக்டர் ஏதாவது சொன்னாரா? ஒன்றுமில்லை. சிகரெட்!

போன வருடமே விட்டுவிட்டதாக ப்ரியாவிடம் சொல்லியிருக்கிறார். விடவில்லை. அங்கே வரி மேல் வரி. ஒரு பாக்கெட் விலையில் இங்கே நான் வாரம் முழுக்கக் காய்கறி வாங்கிவிடுவேன். “அந்த விலை குடுக்க முடியலை அத்தை. கடையில ஒளிச்சு வெச்சு விக்கற மட்டமான சரக்கை வாங்கிப் புடிக்கறேன். ஒரே இருமல். நம்ம ஊரு சிகரெட் ரெண்டு கார்ட்டன் போதும். குழந்தை பொறந்ததும் கண்டிப்பா விட்டுடறேன்.”

மாப்பிள்ளை கூடுவாஞ்சேரிப் பையன். சிறுசேரியில் வேலை பார்த்தபோதுதான் ப்ரியாவோடு பழக்கம். கல்யாணத்தில் ஒரு மோதிரம்கூட வேண்டாமென்றவர். “உங்க பொண்ணைக் குடுக்கறீங்க, போதும்” என்றார். நாங்களாக வாங்கி வைத்த வாட்ச்சைக்கூட இவர் கையிலேயே கட்டிவிட்டார். ஐந்து வருடத்தில் அவர் வாயைத் திறந்து கேட்பது இதுதான் முதல் தடவை. என்ன சொல்வது?

“சரிங்க மாப்பிள்ளை” என்றேன்.

ஜூன் 10

ப்ரியாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் சண்டை வரும். இந்த மாதத்தில் அவளுக்குச் சண்டை வேண்டாம்.

ஜூன் 21

தாம்பரம் மார்க்கெட் போனேன். மெத்தைக்கடை ஜெயவேலுவிடம் குழந்தைக்கு இலவம்பஞ்சு மெத்தை சொல்லியிருந்தேன். ப்ரியாவுக்கும் அவர் அப்பாதான் போட்டுக் கொடுத்தார். கொட்டை எடுத்த பஞ்சு, மஞ்சள் பூப்போட்ட வாயில் துணி. “ஃபாரின் பேரனா, பேத்தியாக்கா? சும்மா பூ மாதிரி கீது பாருங்கோ” என்று தன் கன்னத்தில் வைத்துக் காட்டினார். அங்கே பிறக்கிற குழந்தைகளை ஸ்பாஞ்சில் போடுகிறார்களாம். உடம்பு சூடு என்ன ஆவது?

பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 28

குமரவேல் பெட்டிக்கடையில் இரண்டு கார்ட்டன் வாங்கினேன். பால் வாங்க மட்டுமே போகிற கடை. தெருவில் யாருமில்லாத நேரம் பார்த்துப் போனேன், அப்படியும் கேட்டுவிட்டான்.

“இன்னாக்கா, யாருக்கு? சார் வுட்டுட்டேன்னு சொல்லிக்கினு இருந்தாரே?”

“வேற ஒருத்தருக்குப்பா.”

“சர்தான். இங்கயே வெல ஏறிக்கினே போவுது, ஃபாரின்ல கேக்கவே வேணாம்” என்று சிரித்தான். நான் ஃபாரின் என்று சொல்லவே இல்லை. இந்தத் தெருவில் யார் ஊருக்குப் போகிறார்கள், யார் பெட்டியில் என்ன போகிறது என்று அவனுக்குத் தெரியாததா?

ஜூலை 8

பெட்டி கட்டியாகிவிட்டது. பருப்புப்பொடி, பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு. எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். சாப்பாட்டுச் சாமான் கொண்டுவந்தால் விமானத்தில் தருகிற கார்டில் எழுதிக் காட்ட வேண்டுமென்று ப்ரியா நூறு தரம் சொல்லிவிட்டாள். “மறைக்காதம்மா. எழுதிட்டா பாத்துட்டுக் குடுத்துடுவாங்க. மறைச்சா பெரிய பிரச்சனை.”

தபால் ஆபீஸ் பார்சல் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு இவள் சொல்லித் தருகிறாள்! ‘உள்ளே என்னங்க?’ என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், கைக்குத் தெரிந்துவிடும். முறுக்கு என்று எழுதி வெள்ளி டம்ளர் அனுப்பியவர்கள், புத்தகம் என்று எழுதி மருந்து பாட்டில் அனுப்பியவர்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதனால்தான் எங்கே கை போகாது என்பதும் எனக்குத் தெரியும். குழந்தை மெத்தையை யார் அமுக்குவார்கள்? ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பாக்கெட்டுகளைப் படுக்கையாக அடுக்கி, மேலும் கீழும் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுக்கு ஏன் இவ்ளோ பாடு? நான் கொண்டாந்தப்பல்லாம் கஸ்டம்ஸ்காரன்கிட்ட ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவேன், போன்னுடுவான்.”

“அது உங்க காலம்” என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஜூலை 13

மெல்போர்ன் ஏர்போர்ட். ஒரு ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. வெளிய ப்ரியா நிக்கறா. வயித்தோட நிக்கறா. நான் இங்க — என்ன பண்ணிட்டேன் நான்?

ஜூலை 15

வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த நேரம் ப்ரியா வீட்டுச் சமையலறையில் இருந்திருக்க வேண்டும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கார்டில் சாப்பாட்டுக்கு ‘ஆம்’ என்று போட்டேன். புகையிலைக்கு ‘இல்லை’ என்று போட்டேன். பேனா அங்கே ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் ஆம் என்று போட்டிருந்தால் பறித்துக்கொண்டு விட்டிருப்பார்களோ என்னவோ. போடவில்லை.

பெட்டியைச் சோதித்த அதிகாரி சின்னப் பெண். ப்ரியா வயதுதான். பொடிகளைப் பார்த்தாள், சரி என்றாள். லேகியத்தை மோந்து பார்த்தாள், சரி என்றாள். நான் எழுதிக் காட்டிய எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பிறகு மெத்தையை எடுத்தாள். உள்ளே என்ன பஞ்சு என்று கேட்டாள். மரத்துப் பஞ்சு என்றேன். செடி, விதை எதுவும் உள்ளே போகக்கூடாதாம் அந்த ஊரில். விதை இருக்கிறதா என்று பார்க்க அமுக்கினாள். மூலை, நடு, மறு மூலை. அவள் கை நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு சின்னக் கத்தியால் ஓரமாகப் பிரித்தாள். மரியாதையாகத்தான் செய்தாள். பஞ்சு பறந்து மேஜையெல்லாம் விழுந்தது. பின்னாலேயே பாக்கெட்டுகள்.

ரூமில் மொழிபெயர்க்க ஃபோனில் ஒரு தமிழ்க் குரலைப் பிடித்துக் கொடுத்தார்கள். இலங்கைக்கார அம்மா.

“பயப்பிடாதேங்கோ அம்மா. உதுகளை ஆருக்குக் கொண்டு வந்தனீங்கள் எண்டு கேக்கினம்.”

மாப்பிள்ளை பெயரைச் சொன்னால் அவர் வேலைக்கு, அங்கே இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? “எனக்குத்தான்” என்றேன்.

“நீங்கள் சிகரெட் பத்துவீங்களோ?”

“ஆமாம்.” இந்த வயதில் இதையும் சொன்னேன்.

விசாவை ரத்து செய்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு இனி விசா கிடைக்காது என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். அவருக்கே கஷ்டமாக இருந்தது. அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். லேகிய டப்பா என்னோடேயே திரும்பி வந்தது.

ஜூலை 16

ப்ரியா பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பக்கத்தில் மாப்பிள்ளையின் இருமல் கேட்டது.

“குழந்தை மெத்தைக்குள்ள எதுக்கும்மா சிகரெட்? யாருக்கு?”

அப்பாவின் நண்பர் ஒருவர் தன் பையனுக்குக் கொடுத்தனுப்பினார், தட்ட முடியவில்லை என்றேன்.

“எவனோ ஒருத்தன் சிகரெட் புடிக்கணும்னு என்னை விட்டுட்டியாம்மா?”

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். இருமல்கூட நின்றுவிட்டது. அவள் அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

ஜூலை 18

மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டார். “அத்தை, தப்பு என்னோடது. நானே ப்ரியாகிட்ட சொல்லிடறேன்” என்றார்.

நான்தான் தடுத்தேன். “பிரசவம் ஆகட்டும் மாப்பிள்ளை. இப்ப வேணாம். அப்புறம் சொல்லுங்க.”

உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 3

பேரன். மூன்றேகால் கிலோ. விடிகாலை பிறந்தானாம். மாப்பிள்ளை ஃபோட்டோ அனுப்பியிருந்தார். மூக்கு ப்ரியா மூக்கு.

ஆபரேஷன். துணைக்கு அவளோடு வேலை பார்க்கிற மலையாளப் பெண் ஒருத்தி. அவள் கையில்தான் முதலில் கொடுத்தார்களாம். நல்லா இருக்கட்டும் அந்தப் பெண்.

தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். “நீ போலியா காந்தா?” என்று கேட்காதவர்கள் இல்லை. உடம்பு சரியில்லை, டிக்கெட்டை மாற்றிவிட்டோம் என்றேன். குமரவேல் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு குனிந்து பால் பாக்கெட்டை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

ஆகஸ்ட் 11

ப்ரியா மெசேஜ்: ‘லேகியத்துல என்னென்ன போடுவே? இங்க கிடைக்கறதை வெச்சுப் பண்ணிக்கறேன்.’

அம்மா என்று ஆரம்பிக்கவில்லை. எழுதி அனுப்பினேன். நான் கிண்டிய லேகியம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. கொட்ட மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 30

பேர் வைத்துவிட்டார்கள். எழில். வீடியோவில் காட்டினாள். சுண்டுவிரலை ஃபோனுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் பிடித்துக்கொள்கிற மாதிரி. இவர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மாப்பிள்ளை இன்னும் சொல்லவில்லை. ப்ரியா என்னிடம் பேசுகிற விதத்திலேயே தெரிகிறது.

அக்டோபர் 5

கேட்டுவிடலாமா? “எப்ப சொல்லப் போறீங்க மாப்பிள்ளை?” என்று நாக்கு நுனிவரை வருகிறது. கேட்டால் நான் கணக்குத் தீர்ப்பதுபோல ஆகிவிடும். கேட்காவிட்டால் நெஞ்சு கரிக்கிறது. இவரிடம் சொன்னேன்.

“நீதானே அப்புறம் சொல்லுங்கன்னே? அந்த அப்புறத்துக்குத் தேதி போட்டியா?” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

டிசம்பர் 19

பொங்கலுக்கு வருகிறார்கள்! மூன்று பேரும்! ப்ரியாவே சொன்னாள். குரலில் பழைய ப்ரியா கொஞ்சம் இருந்தாள். “அம்மா, அவனுக்குத் தொட்டில் கட்டணும்” என்றாள். அம்மா என்றாள்.

டிசம்பர் 27

மெத்தைக்கடை ஜெயவேலுவிடம் போனேன். அதே மஞ்சள் பூத்துணி.

“அது கிழிஞ்சி பூட்ச்சாக்கா?” என்றார்.

“ஆமாப்பா” என்றேன்.

ஜனவரி 11, 2026

வந்துவிட்டார்கள். மீனம்பாக்கத்தில் எழில் என்னிடம் தாவி வந்தான். யார் என்று தெரியாமலே வந்தான். ஐந்து மாதப் பிள்ளையின் கனம் இவ்வளவுதானா, இவ்வளவா என்று ஒன்றும் புரியவில்லை. குரோம்பேட்டை தாண்டும்வரை அழுதேன். ப்ரியா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளை மாமனாருக்கு ஏர்போர்ட்டில் வாங்கிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். இவர் குடிக்கக்கூடாது, ஆனாலும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

பெட்டிகளை இறக்கும்போது மாப்பிள்ளை என்னிடம் தனியாக, “சிகரெட்டை விட்டுட்டேன் அத்தை. செப்டம்பர்ல திரும்பவும் வரி ஏத்தினாங்க. அதோட விட்டாச்சு” என்றார். நல்லது என்றேன். நல்லதுதான். குழந்தைக்காக விடவில்லை, எனக்கு ஆனதைப் பார்த்து விடவில்லை. வரி ஏறியது, விட்டார். இரண்டு மாதம் நான் இழுத்தடித்திருந்தால் போதுமே. ‘கிடைக்கலை மாப்பிள்ளை’ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதுமே. அத்தனை பொய் சொன்னவளுக்கு அது ஒன்றுதான் வரவில்லை.

“ப்ரியாகிட்ட...?” என்றேன்.

“சொல்லணும் அத்தை” என்றார். தலையைத் திருப்பிக்கொண்டு பெட்டியை இழுத்தார்.

சாயங்காலம் எழில் தூங்கிவிட்டான். ஹாலில் புது மெத்தையை விரித்தேன். ப்ரியா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குனிந்தாள். மஞ்சள் பூத்துணியைப் பார்த்தாள். அவனைக் கிடத்தவில்லை. ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு மறு கையால் மெத்தையை அமுக்கினாள். அவசரமே இல்லை. மூலை, நடு, மறு மூலை.

மாப்பிள்ளை வாசற்படியில் நின்றிருந்தார். அவர் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பிறகுதான் குழந்தையைப் படுக்க வைத்தாள்.